ஒப்பாரிக் கோச்சியும் முதல் பெண் பிரதமரும்

1927இல் கொழும்பில் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை நடத்தியவர்கள் பெரிய இடத்துப் பெண்கள். அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய பிரிட்டனிலிருந்து வந்த டொனமூர் ஆணைக்குழுவிடம் அவர்கள் கேட்டது, படிப்போ சொத்தோ உள்ள பெண்களுக்கான வாக்கைத்தான். தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வேண்டுமா என்று ஆணைக்குழுவில் இருந்த டிரமண்ட் ஷீல்ஸ் கேட்டார். கட்டாயம் வேண்டும், அவர்களும் பெண்கள்தாமே என்றார் அக்னஸ் டி சில்வா. நல்ல பதில்தான். ஆனால் அந்தக் கேள்வியை ஒரு வெள்ளைக்காரர் கேட்க வேண்டியிருந்தது.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1948இல் மலையகத் தமிழரான நம்மவர் பிரஜாவுரிமை போனது, மறுவருடம் வாக்கும் போனது. கொழும்புச் சீமாட்டிகளின் வாக்குக்கு ஒரு குறையும் வரவில்லை.

1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். மகளிர் தினப் பேச்சுப் போட்டிகளில் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள்கூட அவர் பெயரைப் பெருமையாகச் சொல்கிறார்கள். 1964 ஒக்டோபரில் அவரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும். பெற்றவள் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று எத்தனை குடும்பங்கள் பிரிந்தன! தலைமன்னாருக்கு ஆளேற்றிப்போன வண்டியை மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்றது. பண்டாரவளையிலும் பதுளையிலும் ஸ்டேஷனில் நின்று அழுதவர்களிடம், நாட்டை ஆள்பவர் ஒரு பெண் என்று சொல்லியிருந்தால் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும்?

சம்பளக் கதையும் இப்படித்தான். ஆணுக்குக் கொடுத்த நாட்சம்பளம் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குக் கிடைக்க 1984 வரை ஆனது. அதுவும் தொழிற்சங்கப் போராட்டத்தால் வந்தது.

1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தினார்கள். பாலியல் தொல்லை குற்றமானது. அதே திருத்தம், அதுவரை ஆண்களுக்கு மட்டுமிருந்த, தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365ஏ பிரிவைப் பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கும் நீட்டியது. பக்கத்துக் காம்பராவில் இருமினாலும் கேட்கும் தோட்டத்து லயத்தில், அப்படிப்பட்ட ஒருத்திக்கு ஒளிய இடமேது?

மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர் முதன்முதலாக நாடாளுமன்றம் போனது 2024இல். அதில் ஒருவர் நம் பதுளையின் அம்பிகா சாமுவேல். வாக்குரிமை வந்து 93 வருடங்கள்!

மார்ச் 8 வேலைநாளில் வந்தால் மகளிர் தினக் கூட்டத்துக்கு வரும் தோட்டப் பெண்ணுக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், இல்லை. ஆகவே கொழும்பிலிருந்து வரும் அக்காமாரே, அடுத்த முறை டவுன் மண்டபம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கூட்டம் வையுங்கள். ஒலிவாங்கியை அங்குள்ளவர்களிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.