சுவரில் ஒட்டிய கடவுச்சொல்

நம் தமிழ்ப்பள்ளிக் கணினிக் கூடங்கள் சிலவற்றில், எல்லா மாணவர்க்கும் பொதுவான ஒரே கடவுச்சொல்லை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். காரணம் கேட்டால், "மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள், ஒவ்வொருவருக்கும் மாற்றித்தர நேரம் ஏது?" என்கிறார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். அவரவர் கோப்பு அவரவருக்கே உரியதாக இருக்க, கோர்பாட்டோவின் குழுவினர் ஆளுக்கொரு கடவுச்சொல்லை ஏற்படுத்தினர். பலரும் பகிரும் கணினிக்காகவே வந்த ஏற்பாடு இது. நாமோ, பகிரும் கணினி என்பதையே காரணம் காட்டி இதனைக் கைவிடுகிறோம்!

பொதுக் கடவுச்சொல்லால் யாருக்குக் கேடு? ஒரு மாணவியின் கட்டுரை அழிக்கப்படுகிறது. இன்னொரு மாணவன் பெயரில் இழிசொல் அனுப்பப்படுகிறது. செய்தவர் யார்? விடை இல்லை. கணக்கின் பெயரைப் பார்த்துத் தண்டிக்கிறோம். குற்றமற்ற பிள்ளை தலைகுனிந்து நிற்கிறது.

சில ஆசிரியர்கள் எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார்கள். அதுவும் தீர்வன்று. முறையாக அமைந்த கணினி கடவுச்சொல்லை உள்ளபடியே சேமிப்பதில்லை. மீண்டும் படிக்க இயலாத வடிவில்தான் வைத்துக்கொள்கிறது. நிர்வாகியாலும் பழையதைப் பார்க்க முடியாது. புதியதை இட மட்டுமே முடியும். கணினியே அறிய விரும்பாததை நாம் ஏன் அறிய வேண்டும்?

செய்ய வேண்டியது எளிது. மறந்த மாணவன் நேரில் வரட்டும். தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றை அவனுக்கு மட்டும் கொடுங்கள். அடுத்த நுழைவிலேயே அதனை மாற்றியாக வேண்டும் என்னும் தெரிவையும் குறியிடுங்கள். அவன் புதியதைத் தட்டச்சு செய்கையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஓரிரு நிமிட வேலை. 2020இல் கல்வி அமைச்சு தொடங்கிய டெலிமா தளத்தில் மாணவர்க்குத் தனித்தனிக் கணக்கு உண்டு. அங்கும் இதே ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம்.

மாதந்தோறும் மாற்றச் சொல்லி மறதியை வளர்க்கவும் வேண்டா. காரணமின்றி அடிக்கடி மாற்ற வற்புறுத்தக் கூடாதென அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே வழிகாட்டியது. பிள்ளைக்கு எளிதில் நினைவில் நிற்கும் நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக அமைக்கக் கற்றுக்கொடுங்கள்.

பெற்றோர்களே, சிறு பிள்ளையின் கடவுச்சொல்லை வீட்டில் பத்திரமாகக் குறித்து வையுங்கள். பயிற்றேட்டின் அட்டையில் எழுதாதீர்கள்.

மறதி குற்றமன்று. மறதிக்கு அஞ்சிப் பிள்ளையின் உரிமையைச் சுவரில் ஒட்டுவதே குற்றம். அந்தத் தாளை நாளையே கிழித்தெறிவோமா?