எல்லாம் இளைப்புத்தானா?

ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்றுப் புறப்பட்டுவிட்டால் குற்றாலம் போகிறவர்களுக்குக் கொண்டாட்டம். அச்சன்புதூர் போன்ற மலையடிவாரத்து ஊர்களிலுள்ள இளைப்புக்காரர்களுக்கோ திண்டாட்டம். மார்பு இரைந்தால் சாரலின்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சுக்குக் கஷாயம் வைப்பது நம் வீடுகளின் வழக்கம். பெரும்பாலும் அது இளைப்பாகவே இருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் எப்போதாவது, இளைப்பே இல்லாத ஒருவர் அகப்பட்டுக்கொள்கிறார். இந்த வாரம் அவரைப்பற்றித்தான் நாம் எழுத வந்தோம்.

நமது மூச்சுக்குழாயைத் தாங்கி நிற்பவை 16 முதல் 20 வரையுள்ள குருத்தெலும்பு வளையங்கள். வளையம் என்று பெயரே தவிர அவை முழு வட்டங்கள் அல்ல. குதிரை லாடத்தைப்போல் பின்புறம் திறந்தவை. அபூர்வமாகச் சிலருக்குத் தாயின் வயிற்றிலேயே அவை முழு வட்டமாக அமைந்து, குழாய் குறுகிவிடுகிறது. குறுகல் கடுமையானால் சிசுப் பருவத்திலேயே தெரிந்துவிடும். லேசாக இருந்தால்தான் சங்கடம். குழந்தை வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணமும் ஆகிவிடும்; குறை மட்டும் வெளிப்படாது. பிறருடைய மூச்சை விட்டுப் பார்த்திராதவருக்குத் தம் மூச்சு குறைவென்று எப்படித் தெரியும்? ஓட்டத்தில் பின்தங்கினால் ஊரார் சோம்பேறி என்கிறார்கள். மாடிப்படியில் நின்றால் இளைப்பு என்கிறார்கள்.

குழாயின் அகலம் பாதியானால், சீராக ஓடும் காற்றுக்குத் தடை இரண்டு மடங்கல்ல, 16 மடங்கு! இளைப்புக்கு உறிஞ்சும் மருந்து இறுகிய தசையைத் தளர்த்தும். குருத்தெலும்பு அதற்கு இணங்குமா? வருஷக் கணக்கில் மருந்து எடுத்தும் குணமில்லை, மூச்சை உள்ளே இழுக்கும்போதும் சத்தம் கேட்கிறது என்றால், வைத்தியரிடம் அதை அழுத்திச் சொல்லவேண்டும். ஸ்பைரோமீட்டரில் ஊதுவதோடு நில்லாமல், உள்ளே இழுக்கும் மூச்சையும் அளந்தால், அது வரையும் கோடு இருபுறமும் தட்டையாகிக் காட்டிக்கொடுக்கும். பிறகு சி.டி. படமும் பிராங்காஸ்கோப்பும் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

சிலருக்கு இது வெளிப்படுவது ரண சிகிச்சை மேஜையின்மேல். மயக்கம் கொடுத்துச் செருகும் குழாய், குரல்வளையைத் தாண்டியபின் நகர மறுக்கிறது. ஆபத்தான நேரம் அது.

1989-ல் லண்டன் வைத்தியர்களான விக்டர் ஸாங், பீட்டர் கோல்ட்ஸ்டிரா முதலியோர் ஒரு யுக்தியை வெளியிட்டார்கள். குறுகிய பகுதியை நடுவே குறுக்காக வெட்டி, ஒரு பாதியை முன்புறமும் மற்றதைப் பின்புறமும் நெடுகக் கீறி, ஒன்றன்மேல் ஒன்றைச் சரித்துத் தைத்துவிடுவது. நீளம் பாதியாகிறது, சுற்றளவு இரட்டிக்கிறது. இறுகிய சட்டையை, ஒரு சாண் புதுத் துணிகூடச் சேர்க்காமல் தளர்த்திக் கொடுக்கும் தையற்காரரின் சாமர்த்தியம்!

எல்லோருக்கும் கத்தி வேண்டியதில்லை. லேசான குறுகல் உள்ளவர்களைக் கவனித்து வந்தாலே போதும். ஆனால் அவர்களும் தம் குறையை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். எந்த ரண சிகிச்சைக்குப் போனாலும், மயக்கம் கொடுக்கும் வைத்தியர் முதலில் பார்க்கவேண்டியது அந்தச் சீட்டைத்தான்.