பிளாஸ்மாவுக்கு அலைந்தோமே, ஞாபகம் இருக்கா?

தோழர்களே, 2021 ஏப்ரல், மே மாதங்களை மறந்திருக்க மாட்டீங்க. "ஓ பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம்"னு நம்ம பக்கம் முழுக்க அதே பதிவுகள். ராத்திரி 2 மணிக்கும் டோனர் தேடிக் கொடுத்தவங்க நீங்க.

அந்தச் சிகிச்சை பலன் தருதான்னு ஐசிஎம்ஆர் 2020-லேயே சோதிச்சுப் பார்த்துடுச்சு. 39 மருத்துவமனைகள், மிதமான பாதிப்புள்ள 464 கொரோனா நோயாளிகள். பிளாஸ்மா ஏத்தினவங்கள்ல 19 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது, இல்லைன்னா உயிர் போனது. ஏத்தாதவங்கள்ல 18 சதவீதம். வித்தியாசமே இல்ல! நம்ம டாக்டர்களின் அருமையான ஆய்வு இது. அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது.

ஒன்றிய அரசின் சிகிச்சை வழிகாட்டுதலில் இருந்து பிளாஸ்மாவை எடுத்தது எப்போ தெரியுமா? 2021 மே 17. கிட்டத்தட்ட 7 மாசம் கழிச்சு. இரண்டாம் அலையில், ஆக்சிஜன் படுக்கைக்கு ஓட வேண்டிய குடும்பங்கள் ரத்த வங்கி வாசலில் நின்னாங்க. டாக்டர்களைக் குறை சொல்லாதீங்க, வழிகாட்டுதலில் இருந்ததைத்தான் எழுதிக் கொடுத்தாங்க.

நாம் கேட்பது இதுதான்: அரசு நடத்தும் ஆய்வின் முடிவு வந்த 30 நாளுக்குள் வழிகாட்டுதலை மாற்றணும். மாற்றலைன்னா, ஏன்னு நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வமா சொல்லணும்.