நியூயார்க் சர்ட்டிஃபிகேட்

ஆயுளில் ஒரே ஒரு கச்சேரி செய்த ராக் பேண்ட் ஒன்று உண்டு. பெயர் எஸ்.கே.ஐ.என். சேர்த்துப் படித்தால் ‘ஸ்கின்’. 2007 ஜூன் 29, கலிஃபோர்னியாவில் லாங் பீச் நகரம். ‘அனிமே எக்ஸ்போ’ என்று ஜப்பானிய கார்ட்டூன் பைத்தியங்கள் வருஷா வருஷம் கூடுகிற திருவிழா. அந்த மேடையில் நாலு பேர் வந்து நின்றார்கள். எக்ஸ் ஜப்பான் குழுவின் யோஷிகி, பாடகர் காக்ட், லூனா ஸீ குழுவின் கிதாரிஸ்ட் சுகிஸோ, அன்றைக்கு 25 வயசுப் பையனான மியாவி. நாலு பேருக்கும் ஜப்பானில் தனித்தனியே ரசிகர் படை. தனியாகவே அரங்கத்தை நிரப்புகிறவர்கள். நாலு பேரும் ஒன்றாக வந்தால்? கூரை பிய்ந்துகொள்ளும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உலகத்தை ஜெயிக்கப்போகிறோம் என்று அறிவிப்பு. ஆர்ப்பாட்டம். கச்சேரி முடிந்தது.

அவ்வளவுதான். அப்புறம் இரண்டாவது கச்சேரி நடக்கவே இல்லை. ஆல்பமும் இல்லை. அந்தக் கச்சேரியில் பிறந்த பாட்டு ஒன்று, பிற்பாடு எக்ஸ் ஜப்பான் மேடைகளில் ஒலித்தது. அனாதைப் பிள்ளையைச் சித்தப்பா வீட்டில் வளர்க்கிற மாதிரி.

இந்த ஒரு ராத்திரியை வைத்துக்கொண்டு ரசிகர்கள் இத்தனை வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். ஒரு கட்சி சொல்கிறது: “அவர்கள் ஜப்பானுக்கு மட்டும் சொந்தமில்லை. உலக மேடை கிடைக்க வேண்டும். அதற்கு அமெரிக்கா போகணும், இங்கிலீஷில் பாடணும்.” இன்னொரு கட்சி: “முதலில் ஊரில் இருப்பவனுக்கு ஒழுங்காக ஒரு ஆல்பம் கொடுங்கய்யா. அப்புறம் உலகத்தைப் பிடிக்கலாம்.” முதல் கட்சிக்காரர்கள் இரண்டாவது கட்சியைக் கிணற்றுத் தவளை என்கிறார்கள். இரண்டாவது கட்சி முதல் கட்சியை ஜால்ரா என்கிறது.

நான் தவளைக் கட்சி. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கதை 2007-ல் ஆரம்பித்ததில்லை. 1992-ல் தொடங்குகிறது. அப்போது யோஷிகியின் குழுவுக்குப் பெயர் வெறும் ‘எக்ஸ்’. அந்த ஜனவரியில்தான் டோக்கியோ டோமில் தொடர்ந்து மூன்று நாள் வாசித்திருந்தார்கள். டோக்கியோ டோம் என்றால் பேஸ்பால் ஸ்டேடியம். ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம் பேர் உட்காரலாம். ஆகாசத்துக்கு நிற்கிற தலைமுடி, பெண்களை மிஞ்சுகிற மேக்கப், காட்டுத்தனமான வேகம், நடுவில் திடீரென்று பியானோ என்று ஒரு தலைமுறையையே கிறுக்குப் பிடிக்க வைத்தவர்கள். அதற்கு மேல் ஒரு ராக் குழுவுக்கு என்ன வேண்டும்?

அமெரிக்கா வேண்டும். ஆகஸ்ட் மாதம் நியூயார்க் போய், ராக்ஃபெல்லர் சென்டரில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, உலகத்தை நோக்கிப் புறப்படுகிறோம் என்றார்கள். ‘எக்ஸ்’ என்ற பெயரில் அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு குழு இருந்தது. அதனால் இவர்கள் ‘எக்ஸ் ஜப்பான்’ ஆனார்கள். யோசித்துப் பாருங்கள். சொந்த ஊரில் ஸ்டேடியத்தை நிரப்புகிறவன், வெளியூருக்குப் போகும்போது பெயரோடு ஊர்ப் பெயரையும் கட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வருகிற எந்தக் குழுவாவது டோக்கியோ விமான நிலையத்தில் இறங்கி, “எங்கள் பெயரில் இங்கே யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்டு, வாலில் ‘அமெரிக்கா’ என்று சேர்த்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அந்த அமெரிக்க ஆல்பம் வரவில்லை. 1997 டிசம்பர் 31-ம் தேதி, அதே டோக்கியோ டோமில் கடைசிக் கச்சேரி செய்து குழு கலைந்தது. நாலு மாசத்தில், 1998 மே 2-ம் தேதி, கிதாரிஸ்ட் ஹிடே இறந்துபோனார். டோக்கியோவில் அவர் இறுதிச் சடங்கு நடந்த புத்தக் கோயில் வாசலில் பல்லாயிரம் பிள்ளைகள் நின்று அழுதார்கள். அந்தப் பிள்ளைகள் எவருக்கும் நியூயார்க் என்ன நினைக்கிறது என்பது ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

“ஆசைப்படுவது தப்பா?” என்று கேட்பீர்கள். தப்பில்லை. கலைஞன் என்றால் ஆசை இருக்கத்தான் செய்யும். வேலூர்க்காரன் சென்னைக்கு ஆசைப்படவில்லையா? என் சண்டை ஆசையோடு இல்லை. அதற்காக எதை விற்கிறோம் என்பதில்தான்.

லவுட்னஸ் கதையைக் கேளுங்கள். 1981-ல் ஒஸாகாவில் தொடங்கிய ஹெவி மெட்டல் குழு. அகிரா தகஸாகி என்ற அசுர கிதாரிஸ்ட். மினோரு நீஹாரா என்று ஒரு பாடகர், சிம்மக்குரல். 1985-ல் இவர்கள் போட்ட ‘தண்டர் இன் தி ஈஸ்ட்’ ஆல்பம் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 74-வது இடம் வரை போனது. ஒரு ஜப்பானிய மெட்டல் குழுவுக்கு அது பெரிய விஷயம். அத்தோடு ருசி கண்டுவிட்டது. இன்னும் மேலே போக என்ன வழி? பாடகரின் இங்கிலீஷ் உச்சரிப்புதான் தடை என்று முடிவு கட்டினார்கள். 1988 கடைசியில் நீஹாராவை அனுப்பிவிட்டு, மைக் வெசேரா என்ற அமெரிக்கரைக் கொண்டுவந்து பாட வைத்தார்கள்.

என்ன ஆச்சு? உச்சரிப்பு சுத்தமாச்சு. 74-ஐத் தாண்டவில்லை. அமெரிக்காவில் அமெரிக்கக் குரலில் பாடுகிற ஹெவி மெட்டல் குழு தெருவுக்குப் பத்து இருக்கும்போது, பதினோராவதை எவன் தேடிப் போவான்? 1991-ல் வெசேரா கிளம்பிப் போனார். 2000-ல் பழைய ஆட்கள் எல்லோரும் மறுபடி சேர்ந்தபோது மைக் முன்னால் நின்றது யார்? அதே நீஹாரா. பன்னிரண்டு வருஷத்தைத் தொலைத்துவிட்டு, அமிஞ்சிக்கரையில் தொலைத்த செருப்பை அமிஞ்சிக்கரையிலேயே கண்டுபிடித்த கதை.

இதற்கு நேர் எதிராக இன்னொரு கதை. 1963 ஜூன் மாதம். அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் மூன்று வாரம் முதல் இடத்தில் ஒரு ஜப்பானியப் பாட்டு. பாடியவர் கியூ சகமோட்டோ. முழுக்க முழுக்க ஜப்பானிய மொழி. இங்கிலீஷ் வரி ஒன்றுகூட கிடையாது. கண்ணீர் கீழே சிந்தாமலிருக்க, மேலே பார்த்தபடி நடக்கிற ஒருவனைப் பற்றிய பாட்டு. வெள்ளைக்காரனுக்கு அதன் தலைப்பு வாயில் நுழையவில்லை. அதனால் ‘சுகியாகி’ என்று பெயர் வைத்துவிட்டான். சுகியாகி என்றால் மாட்டுக்கறிக் குழம்பு மாதிரி ஒரு ஐட்டம்! நம்மூர்ச் சோகப் பாட்டு ஒன்றை எடுத்துப்போய், ‘வத்தக்குழம்பு’ என்று பெயர் போட்டு விற்கிற மாதிரி. பெயரில் அவமானம் பண்ணினான், சரி. ஆனால் பாட்டை வாங்கினான். ஒரு சொல் புரியாமல் வாங்கினான். இந்த யோஷிகி, மியாவி எவருமே அப்போது பிறக்கவில்லை. பாதை அப்போதே போட்டாயிற்று. நடக்கத்தான் ஆளில்லை.

இங்கே ஜால்ராக் கட்சி எழுந்து, “பி.டி.எஸ். இங்கிலீஷில் பாடித்தானே ஜெயித்தார்கள்?” என்று கேட்கும். கொரியப் பையன்கள் 2020-ல் ‘டைனமைட்’ என்று இங்கிலீஷ் பாட்டுப் பாடி அமெரிக்காவில் முதல் இடம் பிடித்தது உண்மை. ஆனால் அவர்களுடைய கொரிய மொழி ஆல்பம் அதற்கு இரண்டு வருஷம் முன்னாடி, 2018-லேயே, ஆல்பம் பட்டியலில் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. ‘டைனமைட்’ வந்த அதே வருஷக் கடைசியில், பெரும்பாலும் கொரியனில் இருந்த இன்னொரு பாட்டும் முதல் இடம் பிடித்தது. ஜெயித்தவன் இங்கிலீஷில் பாடினான். இங்கிலீஷில் பாடியதால் ஜெயிக்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அட, அவ்வளவு தூரம் ஏன்? 1998-ல் டோக்கியோ ஷிபுயாவில் ஒரு தியேட்டரில் மாசக்கணக்கில் ஓடியதே ‘முத்து’. அதில் ரஜினி ஜப்பானிய மொழியிலா பேசினார்? தமிழில்தான் பேசினார், தமிழில்தான் துண்டைச் சுழற்றினார். கீழே சப்டைட்டில். ஜப்பான்காரர்கள் அதை அப்படியேதான் கொண்டாடினார்கள். ஜப்பானுக்கு ஏற்ற மாதிரி வெள்ளைச் சட்டை, டை கட்டிய முத்துவை எடுத்து அனுப்பியிருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்குமா?

வெளிநாட்டு ரசிகன் யார் என்பதையே இந்த உலகப் படையெடுப்புக்காரர்கள் புரிந்துகொள்ளவில்லை என்பது என் கட்சி. லார்க் அன் சியேல் என்று ஒரு குழு. பாடகர் ஹைட். அவர்கள் முதல் தடவை அமெரிக்காவில் கச்சேரி செய்தது 2004-ல், பால்டிமோரில், அதுவும் ஓர் அனிமே திருவிழாவில். வந்த பிள்ளைகள் கார்ட்டூன் தொடரின் டைட்டில் பாட்டில் இவர்களைக் கேட்டவர்கள். கேட்டது ஜப்பானிய மொழியில். மனப்பாடம் பண்ணியதும் ஜப்பானிய மொழியில். அர்த்தம் தெரியாமலே ஒரு எழுத்துப் பிசகாமல் கூடவே பாடுகிற கூட்டம் அது. அதே குழு 2012-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தனிக் கச்சேரி செய்தது. ஜப்பானியக் குழு ஒன்று அங்கே முக்கியக் கலைஞராக நின்றது அதுதான் முதல் தடவை. பேபிமெட்டல் என்று மூன்று சின்னப் பெண்களை வைத்து ஆரம்பித்த குழு, ஜப்பானிய மொழியில் கத்திக்கொண்டே 2016-ல் லண்டன் வெம்பிளி அரங்கத்தை நிரப்பியது. வருகிறவன் ஜப்பானிய மொழிக்காகவும்தான் வருகிறான். அப்போது இங்கிலீஷில் எழுதுகிற பாட்டு யாருக்கு? வராதவனுக்கு! வராதவனைக் கூப்பிட, வந்தவனைக் காக்க வைப்பது என்ன நியாயம்?

காக்க வைப்பது என்று சும்மா சொல்லவில்லை. எக்ஸ் ஜப்பான் 2007-ல் மறுபடி சேர்ந்தது. 2008 மார்ச்சில் டோக்கியோ டோமில் மூன்று நாள். அதே வருஷம் ஜூலையில் பாரிஸ் கச்சேரி என்று அறிவித்தார்கள். ரசிகர்கள் டிக்கெட் வாங்கினார்கள். கச்சேரி நடக்கவில்லை. பாரிஸ்காரர்கள் இவர்களைப் பார்த்தது 2011 ஜூலையில். சிகாகோ லாலபலூசா, மேடிசன் ஸ்கொயர் கார்டன், வெம்பிளி, கோச்செல்லா என்று மேடை மேலே மேடை ஏறினார்கள். அதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை. யோஷிகியின் கழுத்தைப் பற்றித் தெரிந்தவன் எவனும் சொல்ல மாட்டான். வெறி பிடித்தது மாதிரி டிரம்ஸ் அடித்து அடித்து, 2009, 2017, 2024 என்று மூன்று தடவை கழுத்தில் ஆபரேஷன். அந்த மனுஷன் சோம்பேறி இல்லை, ஏமாற்றுக்காரரும் இல்லை. அதனால்தான் கோபமே வருகிறது. எக்ஸ் ஜப்பானின் கடைசி ஸ்டூடியோ ஆல்பம் ‘டாலியா’ வந்தது 1996 நவம்பரில். அடுத்த ஆல்பம் இதோ, அதோ என்று எத்தனையோ தடவை சொல்லியாச்சு. டாலியா வந்த அன்றைக்குப் பிறந்த குழந்தைக்கே இப்போது குழந்தை இருக்கும்.

இந்த நிலைமையில் 2022 நவம்பரில் இன்னொரு அறிவிப்பு. ‘தி லாஸ்ட் ராக்ஸ்டார்ஸ்’. யோஷிகி, சுகிஸோ, மியாவி, காக்ட் இடத்தில் ஹைட். அதாவது, ஒரே ராத்திரியில் முடிந்த பழைய ஸ்கின்னில் முக்கால்வாசி. டிசம்பரில் ஒரே ஒரு பாட்டு வந்தது. ஜனவரியில் டோக்கியோவில் நாலு நாள், பிப்ரவரியில் நியூயார்க்கில் இரண்டு நாள், லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு நாள். கையில் ஒரு பாட்டு, போவது மூன்று நகரம்! கல்யாணச் சத்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பெண் பார்க்கப் போகிற மாதிரி இல்லை?

“கச்சேரி பிரமாதமாக இருந்ததே!” என்பார்கள் போய் வந்தவர்கள். இருக்கும். இந்த நாலு பேரும் ஒரு மேடையில் சும்மா நின்றாலே பிரமாதமாகத்தான் இருக்கும். நான் கேட்பது, டோக்கியோவில் வாசிப்பதை ஒத்திகை மாதிரியும், நியூயார்க்கில் வாசிப்பதைப் பரீட்சை மாதிரியும் ரசிகர்களே ஏன் பேசுகிறார்கள் என்பது. பாட்டு வாங்குகிற நாடுகளில் அமெரிக்காவுக்கு அடுத்தபடி ஜப்பான்தான். உலகத்தில் இரண்டாவது பெரிய மார்க்கெட்டின் நட்சத்திரங்கள், மார்க் ஷீட்டுக்காக ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் நிற்கிறார்கள்.

பொறுமை வேண்டும் என்று உபதேசிப்பவர்களுக்கு ஒரு ஆளை ஞாபகப்படுத்துகிறேன். பேஸ் கிதாரிஸ்ட் ஹீத். 1992-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டரில் அந்த உலகப் படையெடுப்பை அறிவித்தார்களே, அங்கேதான் குழுவின் புது உறுப்பினராக உலகத்துக்கு அறிமுகமானார். மேடையில் அதிகம் பேசாத மனிதர். ஓரமாக நின்று வாசித்துவிட்டுப் போவார். குழு கலைந்தது, சேர்ந்தது, ஊர் ஊராகப் போனது. எல்லாவற்றிலும் இருந்தார். 2023 ஜூலையில் எக்ஸ் ஜப்பான் ஒரு புதுப் பாட்டு வெளியிட்டது, ஒரே ஒரு பாட்டு. அந்த அக்டோபர் 29-ம் தேதி ஹீத் புற்றுநோயில் இறந்துபோனார். வயது 55. அறிமுகமான நாளில் கேட்ட அந்த உலக ஆல்பத்தை அவர் கடைசி வரை கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

அவர் வாசித்துப் பதிவு பண்ணி வைத்தது ஏதாவது எங்காவது பெட்டியில் இருந்தால், தயவுசெய்து வெளியே விடுங்கள் ஐயா. அதற்கு நியூயார்க் போக வேண்டாம். டவர் ரெக்கார்ட்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு பெரிய இசைத்தட்டுக் கடைக் கம்பெனி இருந்தது. 2006-ல் திவாலாகி, அமெரிக்காவில் இருந்த கடைகளையெல்லாம் இழுத்து மூடிவிட்டார்கள். டோக்கியோ ஷிபுயாவில் அதே பெயரில் இருக்கிற கடை, மஞ்சள் போர்டு மாட்டிக்கொண்டு, மாடி மாடியாக, இன்னும் திறந்துதான் இருக்கிறது.