ரயில் வராத ஊரில் ஒரு ரயில்

ஆரணிக்குப் புதிதாக வரும் அன்பர்களை ஏமாற்றுவதற்கென்றே ஏற்பட்டதுபோல் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அதன் பெயர் ஆரணி ரோடு. விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குச் செல்லும் மார்க்கத்தில், களம்பூர்ப் பக்கத்தில், நமது ஊருக்கு வெகு தொலைவு தள்ளி அது நிற்கிறது. ரயில்வேக்காரர்களின் அகராதியில் 'ரோடு' என்ற சொல்லுக்கு, 'இங்கே இறங்கிய பிறகுதான் உன் பிரயாணம் ஆரம்பம்' என்று பொருள் போலும்! தென்னாட்டில் முதன்முதலாகப் பயணிகள் ரயில் ஓடியது 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதியன்று. ராயபுரத்தில் புறப்பட்ட அந்த வண்டி வந்து சேர்ந்த இடம், அன்று ஆற்காடு ஸ்டேஷன் எனப் பெயர் பெற்றிருந்த வாலாஜா ரோடு. அவ்வளவு தூரம் வந்த புகைவண்டிக்கு, பக்கத்திலிருக்கும் ஆரணிக்கு ஒரு நடை வந்து பட்டுப்புடவை பார்த்துவிட்டுப் போக இத்தனை காலமாக நேரம் கிடைக்கவில்லை. திண்டிவனத்திலிருந்து நமது ஊர் வழியாக நகரிக்குப் பாதை போட அனுமதி கிடைத்துவிட்டது என்ற செய்தியை நாம் படித்தபோது நமது தலைமயிர் முழுவதும் கறுப்பாக இருந்தது. இதை எழுதும் நாள் வரையில் ஆரணியில் நாம் ரயிலேறியதில்லை.

ஆயினும் ஆரணியில் ஒரு ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நமது வீட்டுப் பின்கட்டில், அரிசிப் பீப்பாய்க்கு மேலே, எட்டடிக்கு நாலடி பலகை ஒன்றின்மீது அது ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், அதுவும் வீட்டில் விருந்தினர் இல்லாவிட்டால்.

பொம்மை ரயிலா என்று நேயர்கள் புன்னகை புரியலாம். புரியட்டும். ஆனால் பொம்மை வேறு, மாதிரி வேறு. பொம்மைக்கு ஓடினால் போதும். மாதிரிக்கோ, அசலில் எது எவ்வளவு இருந்ததோ அதில் குறிப்பிட்ட ஒரு பங்குதான் எல்லாம் இருக்க வேண்டும். ஜெர்மனியில் மார்க்லின் என்னும் கம்பெனியார் 1891-இல் லீப்ஸிக் சந்தையில் தண்டவாள அகலங்களுக்கு இலக்கமிட்டு விற்பனைக்கு வைத்தார்கள். இன்று வாங்கிய தண்டவாளத்தோடு அடுத்த வருஷம் வாங்கும் தண்டவாளம் பொருந்தும் என்ற நிச்சயம் அப்போது ஏற்பட்டது. அந்த நிச்சயத்தின்மேல்தான் இந்தப் பைத்தியம் முழுவதும் வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் மெக்கானோவைக் கண்டுபிடித்த பிராங்க் ஹார்ன்பி, 1920-இல் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை வெளியிட்டார். நமது தேசத்திலோ இந்த வித்தை அரண்மனையில் குடிபுகுந்தது. குவாலியர் மகாராஜாவின் ஜெய்விலாஸ் மாளிகையில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வெள்ளியினாலான ரயில் ஒன்று மதுக் குப்பிகளையும் சுருட்டுகளையும் சுமந்துகொண்டு ஓடியது. குப்பியை எடுத்தால் வண்டி நிற்கும். திரும்ப வைத்தால் நகரும். ஜனங்கள் மூன்றாம் வகுப்பில் மூச்சு முட்டிக்கொண்டிருந்த காலத்தில் பிராந்திக்குத் தனி ரயில்!

1909-இல் 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலில் ரயில்களை மிகக் கடுமையாகக் கண்டித்தவர் மகாத்மா. பிற்பாடு தேசத்தை ஊர் ஊராகக் கண்டதும் அதே ரயிலின் மூன்றாம் வகுப்பில்தான். ஆகவே ரயிலைத் திட்டிக்கொண்டே அதில் ஏறுவது நமக்குப் பரம்பரையாக வந்த உரிமை.

கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். பள்ளிக்கூட வாத்தியாரின் வழக்கம் எங்கே போகும்? உலகத்தில் பெருவாரியாகப் பயிலும் அளவு எண்பத்தேழில் ஒரு பங்கு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் பதினாறரை. கடைகளில் விற்கும் தண்டவாளமும் அதுவே. நமது அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. அந்த அகலத்தில் நாம் போகும் கடைகளில் தண்டவாளம் இல்லை. இதனால் நம் நாட்டு அன்பர்கள் பலர் பதினாறரையிலேயே பாரத ரயில்களை ஓட்டித் திருப்தியடைகிறார்கள். வண்டி பருத்து, கால் சூம்பி நிற்கும். வேறு சிலர் தண்டவாளத்தையும் தாமே செய்கிறார்கள். நமக்கு இந்தச் சங்கடம் இல்லாமற் போனதற்குக் காரணம், நாம் சிறு வயதில் பார்த்த ஆரணி ரோடு மீட்டர் பாதையாக இருந்ததே. ஆயிரத்தை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை. ஸ்விட்ஸர்லாந்தின் மலை ரயில்களும் மீட்டர் பாதையில் ஓடுகிறபடியால், அவற்றின் பொருட்டு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறார்கள். அரை மில்லிமீட்டரை மன்னித்துவிட்டால், ஆல்ப்ஸ் மலைக்குச் செய்த தண்டவாளத்தில் நமது களம்பூர் வண்டி ஓடிவிடும். அசல் மீட்டர் பாதை 2010 வாக்கில் அகலப் பாதையாகிவிட்டது. நமது பலகையில் மட்டும் அது மாறவில்லை.

நீளந்தான் ஆளை அடிப்பது. பெரம்பூர்த் தொழிற்சாலையின் பழைய மாதிரி அகலப் பாதைப் பெட்டி ஒன்று 21.3 மீட்டர். எண்பத்தேழில் ஒரு பங்கு இருபத்து நாலரை சென்டிமீட்டர். பத்துப் பெட்டி கோத்தால் இரண்டு மீட்டர் நாற்பத்தைந்து. எட்டடிப் பலகையோ இரண்டு மீட்டர் நாற்பத்து நாலு! இஞ்சினை மாட்டு முன்னரே வண்டி பலகையை விட்டுக் கீழே இறங்கிவிடுகிறது. ஆகையால் மூன்று பெட்டியோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை மனத்தினால் பூர்த்தி செய்துகொள்ள வேண்டியது. வேகமும் அப்படியே. மணிக்கு அறுபது கிலோமீட்டர் என்பது பலகையில் நொடிக்குப் பத்தொன்பது சென்டிமீட்டர். ஜாண் அளவுக்கும் குறைவு. பார்க்க வரும் குழந்தைகள், "இவ்வளவுதானா? வேகமாக விடுங்கள்!" என்கிறார்கள். அசல் ரயில் தூரத்தில் போகும்போது எப்படி நகர்கிறது என்று அவர்கள் நின்று பார்த்ததில்லை.

செலவைப்பற்றி நாம் எழுதப்போவதில்லை என்று தீர்மானித்திருந்தோம். ஆனால் இல்லத்தரசியார் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவராகையால் மறைக்க வழியில்லை. வெளிநாட்டு இஞ்சின் ஒன்றை நாம் வாங்கிய விலையில் நமது தெருவிலேயே நல்ல பட்டுப்புடவை ஒன்று எடுத்திருக்கலாம். அந்த இஞ்சினுக்கு நமது வீட்டில் வழங்கும் பெயரே 'புடவை' என்பது. "உங்கள் புடவை தடம் புரண்டு கிடக்கிறது, வந்து பாருங்கள்" என்று உள்ளிருந்து குரல் வரும். அதற்குப் பிறகு ஒன்றும் வெளியிலிருந்து வாங்கவில்லை. மலை, பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும். மரங்கள், முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் கூடு. பச்சைச் சாயத்தில் முக்கிப் பிய்த்து வைத்தால் தூரத்துப் புளியமரம் போலவே இருக்கிறது. தண்டவாளத்துக்கு இடையில் ஜல்லிதான் தகராறு. ரவையைச் சாயமேற்றித் தூவலாம் என்று நமக்கு ஒரு யோசனை உதித்தது. "வேண்டாம்" என்றார் அவர், ஒரே வார்த்தையில். தூவினோம். மூன்றாம் நாள் காலையில் ஆரணி ரோடிலிருந்து போளூர் வரையிலான ஜல்லி முழுவதையும் எறும்புகள் வரிசையாகத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. சரக்கு வண்டிகூட அவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை. இப்போது ஆற்று மணல், மூன்று தரம் சலித்தது.

புனாவில் கோத்ரூட் என்னுமிடத்தில் பாவ்ஸாஹேப் ஜோஷி என்பவர் தமது வாழ்நாள் பொழுதுபோக்கை ஒரு காட்சிசாலையாக்கி 1998-இல் பொது ஜனங்களுக்குத் திறந்தார். ஹாம்பர்க் நகரத்தில் பிரவுன் என்னும் இரட்டைச் சகோதரர்கள் 2001-இல் தொடங்கியது உலகத்திலேயே மிகப் பெரிது என்று பெயர் பெற்றது. அவை இருக்கட்டும். நாம் சொல்ல வந்தது ஒரு பையனைப்பற்றி.

எட்டாம் வகுப்பு மாணவன். தகப்பனார் பட்டுத் தறிக்காரர். கணக்கில் அவனுக்கு நாற்பது மார்க்குக்குமேல் வந்தது கிடையாது. ஒரு நாள் நோட்டுப் புத்தகத்துக்குள் ஒரு ரயில் பெட்டி வைத்திருந்தான். தறியின் ஜக்கார்டு அட்டையில் வெட்டி ஒட்டியது. பூவேலைக்கு எந்த இழை எழும்ப வேண்டும், எது படுக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் துளை அட்டை அது. பூ மாறிப் பழசாகிவிட்டால் மூட்டை மூட்டையாகப் பரணில் கிடக்கும். அந்தத் துளைகளையே பையன் ஜன்னல்களாக்கியிருந்தான்! 1804-இல் பிரான்ஸில் ஜக்கார்டு அமைத்த இந்த உபாயத்திலிருந்துதான் பிற்காலத்துக் கணிப்பொறிகளின் துளை அட்டை பிறந்தது என்பதை நாம் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறோம். அதில் ஜன்னல் இருப்பது நமக்குத் தெரியவில்லை. சக்கரத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்டோம். "சட்டைப் பித்தான், ஸார்" என்றான். அளந்து பார்த்தால் பெட்டியின் நீளமும் உயரமும் ஏறக்குறைய சரியான விகிதத்தில் இருந்தன. விகிதக் கணக்கில்தான் அவன் பூஜ்யம் வாங்கியிருந்தான்.

அது முதல் ஞாயிறுதோறும் வந்தான். பின்னர் சனிக்கிழமைகளிலும் வந்தான். 87-ஆல் வகுக்கும் வாய்பாடு எம்மைவிட அவனுக்கு விரைவாக வந்தது. நமக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறான் என்று ஒரு நாளும் விசாரிக்கவில்லை. அது நமது பிழை.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் தகப்பனாரே வந்துவிட்டார். அன்று அவர் வீட்டில் பாவு பிணைக்கும் நாளாம். தறியில் தீர்ந்துபோன பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள். வீட்டில் உள்ள கைகள் அத்தனையும் வேண்டிய நாள். அது முடியாமல் தறி ஓடாது. தறி ஓடாத நாளுக்குக் கூலி ஏது? "தனிப்பாடம் என்று சொல்லித்தான் ஸார் வந்தான்" என்றார். குரல் உயரவில்லை. அதுவே நமக்கு அதிகமாக உறைத்தது. பையன் பலகைக்கு அந்தப் புறம் அசையாமல் நின்றான். பலகையில், தகப்பனார் வந்த தினமென்றே பாராமல், 'புடவை' வழக்கமாகப் புரளும் வளைவில் புரண்டது.

ஆறு வாரமாக எம்மை அலைக்கழித்த வளைவு அது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாயிற்று. அளவுகோல் வைத்துப் பார்த்தாயிற்று. அவர் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்காமலே பக்கத்தில் வந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரலின் நுனியைத் தண்டவாளத்தின்மேல் மெள்ள இழுத்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இங்கே ஏறுது" என்றார். இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் ஒன்று மயிரிழை உயர்ந்திருந்தது. நாற்பது வருஷம் இழையறுந்த இடத்தை இருட்டில் தடவிக் கண்டுபிடித்த விரலுக்கு அது மலையாகத் தெரிந்திருக்க வேண்டும். அரம் போட்டுத் தேய்த்தோம். வண்டி புரளவில்லை.

இதனால் அவர் மனம் இளகிவிட்டதென்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வாசலில், "இவன் தறிக்கு வர வேண்டாம் என்றுதான் ஸார் படிக்க வைக்கிறேன். அதற்காக இப்போதே கை ஓயக்கூடாதே" என்றார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நம்மிடம் விடை இல்லை. மூன்று வாரம் பையன் வரவில்லை. வகுப்பில் எம்மை நிமிர்ந்து பார்க்கவுமில்லை. நாம் பொறுக்கமாட்டாமல் அவர்கள் வீட்டுக்குப் போனோம். பள்ளத்தில் கால் தொங்கவிட்டு அவர் தறியில் இருந்தார். நாடா இங்கும் அங்குமாக ஓடிக்கொண்டிருந்தது. பையன் மூலையில் தார் சுற்றிக்கொண்டிருந்தான். பொய் சொல்லி வந்ததில் எமக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டோம். தறியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். காப்பி வந்தது. கடைசியில் ஏற்பட்ட உடன்படிக்கை இது: சனிக்கிழமை தறிக்கு, ஞாயிறு பிற்பகல் ரயிலுக்கு, பாவு பிணைக்கும் வாரத்தில் ஞாயிறும் இல்லை. கணக்கில் மார்க்கு குறைந்தால் உடன்படிக்கை ரத்து.

சென்ற பரீட்சையில் ஐம்பத்திரண்டு. உயர்ந்த மார்க்கு என்று சொல்ல முடியாது, ரத்தும் ஆகவில்லை.

இப்போது பலகையின் தென்கோடியில் புதிதாக ஒரு ஸ்டேஷன் கட்டிக்கொண்டிருக்கிறோம். பெயர்ப் பலகையை மூன்று பாஷையிலும் பையன் எழுதினான். ஹிந்தி எழுத்தை இல்லத்தரசியார் திருத்திக் கொடுத்தார். 'ஆரணி' என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டான். 'ரோடு' எங்கே என்று கேட்டதற்கு, இது ஊருக்குள் இருக்கிற ஸ்டேஷன் என்றான். பிளாட்பாரத்துக்குக் கூரை இன்னும் போடவில்லை. அதற்கு அகலமான பழைய அட்டையாகப் பத்துப் பன்னிரண்டு தேவைப்படுகிறது. பரணில் பார்க்கும்படி தகப்பனாருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறோம்.