மூட்டை அரிசியும் தட்டுச் சோறும்

ஏழை வீட்டுப் பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போவதில்லை என்று கேட்டால், படித்த பெருமக்கள் உடனே சொல்லும் பதில் ஒன்று உண்டு: "பெற்றோருக்கு அக்கறை இல்லை." இப்படிச் சொல்கிறவர்கள் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ரயிலேறி வந்தவர்கள் அல்லர். தாய் சித்தாள் வேலைக்குப் போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? ஏழு வயது அக்காள்தான் பார்க்க வேண்டும். அவள் பள்ளிக்குப் போனால் தாயின் ஒருநாள் கூலி போகும். அக்கறையை அளக்கப் புறப்பட்டவர்கள் முதலில் இந்தக் கூலியை அளந்து பார்க்கட்டும்!

அண்டை நாடான வங்காளதேசம் அளந்து பார்த்தது. 1993ஆம் ஆண்டு அங்கே "கல்விக்கு உணவு" என்றொரு திட்டம் வந்தது. ஒரு பிள்ளையைத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 15 கிலோ கோதுமை. ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அனுப்பினால் 20 கிலோ. பிள்ளை 85 சதவீத நாட்கள் வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. திட்டம் வந்த பள்ளிகளில் சேர்க்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளின் சேர்க்கை அதிகமாக உயர்ந்தது. அக்கறையில்லாத பெற்றோர் ஒரே மூட்டைக் கோதுமையில் அக்கறையுள்ளவர்களாக மாறிவிட்டார்களா? இல்லை. அக்கறை முன்பே இருந்தது. பள்ளிக்கு அனுப்புவதால் வரும் நட்டத்தைத் தாங்கும் சக்திதான் இல்லாமலிருந்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பிள்ளைகள் வந்தார்கள், அந்த அளவுக்கு வாத்தியார்கள் வரவில்லை. வகுப்பறைகளில் நெரிசல் மிகுந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மார்ட்டின் ரவாலியன், க்வென்டின் வோடன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இத்திட்டத்தை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். புதிதாகப் பள்ளிக்கு வந்தவர்களில், வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் ஆண்பிள்ளைகளில் சுமார் கால் பங்கு, பெண்பிள்ளைகளில் சுமார் எட்டில் ஒரு பங்கு மட்டுமே என்பது அவர்கள் கண்ட முடிவு. மற்றபடி, உழைத்துக்கொண்டிருந்த பிள்ளையின் உழைப்பைக் கோதுமை பெரிதாகக் குறைத்துவிடவில்லை. மூட்டைக்குச் சக்தி உண்டு. அதற்கு ஓர் எல்லையும் உண்டு. 2002இல் கோதுமையையும் நிறுத்திவிட்டு, ஒரு பிள்ளைக்கு மாதம் 100 டாக்கா என்று பணமாக்கினார்கள். விலைவாசி ஏறிக்கொண்டே போனது. நூறு டாக்கா பல ஆண்டுகள் நூறு டாக்காவாகவே நின்றது. கூலியைப் பணமாக வாங்கும் நமக்கு இதை விளக்க வேண்டுமா?

நம் நாட்டிலும் மூட்டை வழி பார்க்கப்பட்டதுண்டு. 1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தொடக்கப்பள்ளி உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு 100 கிராம் தானியம் தருவோம், சமைத்துப் போடுங்கள் என்றது. பெரும்பாலான மாநிலங்கள் சமைக்கவில்லை. அடுப்பு இல்லை, ஆள் இல்லை, காசு இல்லை என்று காரணம் சொல்லி, 80 சதவீத வருகை காட்டிய பிள்ளைக்கு மாதம் 3 கிலோ தானியத்தைப் பையில் போட்டு அனுப்பின. அந்தத் தானியம் வீட்டு உலையில் வெந்து எல்லோர் வயிற்றுக்கும் பங்காகும்; அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பசி அப்படியே இருக்கும். இடைவேளையில் வீட்டுக்குப் போன பிள்ளை திரும்ப வராது. வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

2001 நவம்பர் 28 அன்று உச்சநீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆண்டுக்குக் குறைந்தது 200 நாட்கள், 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் உள்ள சமைத்த உணவு தரவேண்டும் என்று ஆணையிட்டது. அப்போதும் பல மாநிலங்கள் இழுத்தடித்தன. 2004 ஏப்ரலில் மீண்டும் ஓர் ஆணை வந்தது. சமையல் வேலையில் தலித், பழங்குடி மக்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அது சொன்னது. யார் சமைத்தது என்று கேட்காமல் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்ணும் பழக்கத்தை மூன்று கிலோ பை ஒருநாளும் தரமுடியாது.

நம்மவர்க்கு இது புதிதல்ல. 1920இல் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராசர் ஆட்சியிலும் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் விரிந்த சோறு அது. அதைத் தின்று வளர்ந்தவர்கள்தாம் இன்று வெளிமாநிலத்தில் செங்கல் சுமக்கிறோம். நம் பிள்ளைக்கு அந்தத் தட்டு கிடைக்கிறதா?

அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்பு வரை உணவு உண்டு. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறினால்தானே தட்டு கைக்கு வரும்? மாற்றுச் சான்றிதழ் எங்கே, பிறந்த தேதிச் சான்று எங்கே, ஆதார் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது; மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதும் காரணமாகாது. ஆதார் இல்லாததற்காக எந்தப் பிள்ளைக்கும் எந்தப் பயனையும் மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. சேர்க்க மறுத்தால், மறுப்பை எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள்.

இனி அந்த ஏழு வயது அக்காள். தட்டுச் சோறு அவள் வயிற்றை நிரப்பும். இடுப்பிலிருக்கும் குழந்தையை யார் வாங்குவது? பெண் தொழிலாளர் 50 பேருக்கு மேல் உள்ள கட்டட வேலையிடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. எத்தனை மேஸ்திரிகள் ஒரு தொட்டிலாவது கட்டினார்கள்? இந்தக் கேள்வியைப் பள்ளிச் சேர்க்கையோடு சேர்த்தே எழுப்ப வேண்டும்.

பள்ளி திறப்பதற்கு முன்பாக ஒவ்வொரு பேட்டைக் கிளையும் வீடுவீடாகக் கணக்கெடுக்க வேண்டுகிறோம். ஆறு வயது நிரம்பிப் பள்ளியில் சேராத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்? இரண்டாவது கணக்கைத் தனித்தாளில் எழுதி அனுப்புங்கள். முதல் தாளோடு தலைமை ஆசிரியர்களையும், இரண்டாவது தாளோடு ஒப்பந்தக்காரர்களையும் சந்திப்போம்.