கங்கைகொண்ட சோழபுரத்து மேடையும் பறையின் இடமும்

2025 ஜூலை 27. அரியலூர் மாவட்டம், கங்கைகொண்ட சோழபுரம். ஆடித் திருவாதிரை விழாவின் நிறைவு நாள். ராஜேந்திர சோழனின் கடல்கடந்த படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு என்று ஒன்றிய அரசு எடுத்த விழா அது. பிரதமர் வந்தார், நினைவு நாணயம் வெளியிட்டார். ஓதுவார்கள் தேவாரம் ஓதினார்கள். இளையராஜா தன் குழுவோடு சிவபக்தி இசை வழங்கினார்.

அன்று மாலையே நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் சண்டை தொடங்கிவிட்டது. "பார்த்தாயா, நம்மவர் மேடையில்!" என்று ஒரு பக்கம். "அவர் எப்போது நம்மவராக இருந்தார்? 2022இல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்டு முன்னுரை எழுதினாரே" என்று இன்னொரு பக்கம். அந்த முன்னுரையை அன்றும் நாம் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆனால் ஒரு மனிதரை உரிமை கொண்டாடுவதிலும் கைகழுவுவதிலும் நேரம் போய்விட்டதே தவிர, அந்த மேடையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று யாரும் பேசவில்லை. நாம் பேச நினைப்பது அதைப்பற்றித்தான்.

உலகம் முழுக்கப் பெரிய இசைக்குழுக்களின் கச்சேரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேர்பெற்ற பழைய படைப்பு ஒன்று, புதிதாக எழுதியது ஒன்று. பழையதைக் கேட்க வருகிறவர்கள் புதியதையும் கேட்டுவிட்டுப் போவார்கள். பழையதன் மதிப்பில் கொஞ்சம் புதியதன்மேல் ஒட்டிக்கொள்ளும். இளையராஜாவின் வேலையும் பல இடங்களில் இப்படிப்பட்டதுதான். 1986இல் வந்த 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பில் பாக்கும் தியாகராஜரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். 2005இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தை எடுத்து புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை வாசிக்க வைத்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் தன் முதல் சிம்பொனி 'வேலியண்ட்'டை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு அரங்கேற்றினார்.

(இடையில் ஒன்று. "சிம்பொனி எழுதிய முதல் ஆசியர்" என்று பகிர்வதை நிறுத்துவோம். ஜப்பானின் கோசாக்கு யமாதா 1912இலேயே எழுதிவிட்டார். பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்டு, அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடி, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, லண்டன் அரங்குவரை போன வாழ்க்கைக்குப் பொய்யான பட்டம் எதற்கு?)

இனி விசயத்துக்கு வருவோம். பழையது, புதியது என்று இரண்டை ஒரே மேடையில் சேர்க்கும்போது, எதைப் 'பழையது' என்று தேர்ந்தெடுக்கிறோம்? தேவாரம் பழையது, ஒப்புக்கொள்கிறோம். பறை அதற்கும் பழையது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்ற வரிசையிலேயே பறையையும் வைக்கிறது. அப்போது அது எந்த ஒரு சாதியின் தலையிலும் கட்டப்பட்ட கருவி அல்ல, முழவு வகைகளுக்கான பொதுப்பெயர்.

சோழர் காலத்துக்கு வரும்போது நிலைமை வேறு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டு ஒன்று, திருப்பதியம் பாட 48 பேரையும், கூட உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமிக்கிறது. ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். பெயர்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று எந்த இசைக்குழுவின் சம்பளப் பட்டியலும் இப்படித்தான் இருக்கும். அதே கோயிலின் வேறு கல்வெட்டுகள் ஊர்களில் வரி விதிக்காத நிலங்களைக் கணக்கெடுக்கின்றன. அங்கே குளம், ஊர்நத்தம், சுடுகாடு என்பவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. உடுக்கைக்காரருக்குப் பெயரும் படியும் கிடைத்தன. பறையின் பெயர் ஒட்டிக்கொண்ட மக்களுக்குக் கிடைத்தது சுடுகாட்டோடு சேர்ந்த ஓர் இடம். ஆயிரம் ஆண்டு கொண்டாட்டத்தில் இந்தக் கல்வெட்டை யாராவது வாசித்தார்களா?

சுடுகாட்டோடு பறையைச் சேர்த்துக் கட்டிய அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் யார் வீட்டுக்கு ஆள் வரும், கூப்பிடும் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் தமிழ்நாட்டின் பல சேரிகளில் ஒரு தலைமுறை "இனி அடிக்கமாட்டோம்" என்று பறையைக் கீழே வைத்தது. அடி வாங்கிக்கொண்டும் வைத்தது. அடுத்த தலைமுறை அதையே விடுதலையின் இசை என்று தோளில் மாட்டியது. இந்த இரண்டு நிலைப்பாடும் நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கின்றன. கல்லூரி விழாவில் பேத்தி பறை அடிப்பதைப் பார்த்துத் தாத்தா முகம் சுருங்குகிறது என்றால், அவரை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு அந்தச் சத்தத்தோடு வேறு நினைவு வருகிறது.

ஆகவே "பறையை மேடையேற்று" என்ற முழக்கம் மட்டும் போதாது. எப்படி ஏற்றுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்று அரசு விழாக்களில் பறைக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. தலைவர்களை வரவேற்க வாசலில் அடிக்கிறார்கள். தலைவர் உள்ளே போனதும் பறை வெளியே நின்றுவிடுகிறது. உள்ளே கச்சேரி. 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் இளையராஜாவே அர்த்த மண்டபத்துக்கு வெளியே நிற்கும்படி ஆனது. தன் சுயமரியாதையை விட்டுக்கொடுக்கவில்லை, வந்தது வதந்தி என்று அவர் சொன்னார். அர்ச்சகர் தவிர யாருக்கும் அனுமதி இல்லை என்பது விதி என்று கோயில் தரப்பு சொன்னது. அவர் விளக்கத்தை மதித்துவிட்டு விதியை மட்டும் பார்ப்போம். உள்ளே யார், வெளியே யார் என்று பிரிக்கிற கோடுதானே அந்த விதி?

இந்த இடத்தில் நாம் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். புளோரன்ஸ் பிரைஸ். 1887இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் பிறந்தவர். 1933 ஜூன் 15 அன்று சிகாகோ சிம்பொனி இசைக்குழு அவருடைய முதல் சிம்பொனியை வாசித்தது. ஒரு கறுப்பினப் பெண் எழுதிய சிம்பொனியை அமெரிக்காவின் பெரிய இசைக்குழு ஒன்று வாசித்தது அதுதான் முதல் தடவை. அதன் மூன்றாம் பகுதிக்கு அவர் வைத்த பெயர் 'ஜூபா நடனம்'. தோட்டங்களில் அடிமைகள் ஆடிய ஆட்டம் அது. கலகத்துக்கு அழைக்கும் என்று பயந்து முதலாளிகள் முரசைப் பறித்த இடங்களில், அவர்கள் கையாலும் தொடையாலும் தாளம் போட்டு ஆடினார்கள். பிரைஸ் அந்தத் தாளத்தை ஒரு சடங்குக்காக வாசலில் நிறுத்தவில்லை. நான்கு பகுதி சிம்பொனியின் உள்ளே, வயலின்களுக்கு எழுதிய அதே தாளில் எழுதினார்.

அதே மாலையின் இன்னொரு செய்தியும் உண்டு. அந்தக் கச்சேரி ஜான் பவல் என்பவரின் படைப்போடு தொடங்கியது. அவர் வெள்ளை இனத் தூய்மைக்காகச் சட்டம் கொண்டுவர உழைத்தவர். யாருக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைக்கிறார்கள் என்பது நம் மேடைகளில் மட்டும் நடக்கிற வேடிக்கை அல்ல. அதற்குப் பிறகும் பிரைஸுக்குக் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. 1953இல் இறந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பல 2009இல் ஒரு பாழடைந்த வீட்டில்தான் கிடைத்தன. ஆனால் தாளில் எழுதியிருந்ததால் கிடைத்தன. இன்று இசைக்குழுக்கள் அவற்றை எடுத்து வாசிக்கின்றன. நம் ஊர்களில் அடியும் அடவும் கைவிட்டுக் கைமாறி வந்தவை. ஒரு பெரியவர் போனால் அவரோடு சில அடிகளும் போய்விடுகின்றன.

சரி, பறையை ஓர் இசைக்குழுவுக்குள் கொண்டுவர என்ன வேண்டும்? முதல் சிக்கல் நெருப்பு. மேற்கத்திய இசைக்குழு ஓபோ கொடுக்கும் ஒரு சுரத்தை வைத்துச் சுதி சேர்க்கிறது. பறைக்கு வைக்கோல் போட்டுக் கொளுத்தித் தோலைக் காய்ச்ச வேண்டும். குளிரூட்டிய அரங்கில் ஏறிய தோல் அரைமணி நேரத்தில் இறங்கிவிடும். செயற்கைத் தோல் மாட்டிய பறைகள் வந்துவிட்டன, ஆனால் நாதம் வேறு என்று பழைய கைகள் முணுமுணுக்கின்றன. இரண்டாவது, பறையடிப்பவர் நிற்கிறார், நடக்கிறார், ஆடுகிறார். நாற்காலியில் உட்கார வைத்தால் பாதிப் பறை செத்துவிடும். மூன்றாவது, சொற்கட்டில் இருப்பதைத் தாளில் எழுதுவது. இவை எல்லாம் வேலைகள். உட்கார்ந்து செய்தால் முடிகிற வேலைகள். "பறை கச்சேரிக்கு ஒத்துவராது" என்பவர்கள் இந்த வேலையைச் செய்து பார்த்துவிட்டுச் சொல்வதில்லை.

இதைச் செய்ய வேண்டிய இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பெரம்பலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. இத்தகைய பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடங்கள், மூன்று ஆண்டுப் படிப்பு, அரசுச் சான்றிதழ். ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினுக்கு அங்கே இடம் உண்டு. நல்லது. ஆனால் அந்த ஏழில் பறை இல்லை. அண்மை ஆண்டுகளில் அரசு பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி தொடங்கியது, அதில் பறையும் உண்டு. ஆக தவிலுக்கு முழுநேர ஆசிரியர், பறைக்குப் பகுதிநேரம். 2025இல் மதுரை மாவட்டம் அலங்காநல்லூரின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பத்மஸ்ரீ வாங்கத் தகுதியுள்ள கலை, மூன்று ஆண்டு படிக்கத் தகுதியற்றதா?

பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகளில் படிக்கும் தோழர்கள் அடுத்த சேர்க்கைக் காலத்தில் இசைப்பள்ளிக்குப் போய் விண்ணப்பப் படிவம் வாங்குங்கள். ஏழு பாடங்களுக்குக் கீழே எட்டாவதாகப் 'பறை' என்று எழுதி நிரப்பிக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். மறுத்தால் எந்த அரசாணைப்படி மறுக்கிறீர்கள் என்று கலை பண்பாட்டுத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கூடவே, சாவுக்கு அடித்து ஓய்ந்த உங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவருக்குத் தெரிந்த அடிகளை அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி, அவர் பெயரை முதல் பக்கத்தில் போட்டு வையுங்கள். அவர் சொல்ல விரும்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், வேறு தெருவில் கேளுங்கள்.